கடலைக் காணாத ஊரிலிருந்து கப்பலுக்கு

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் காலத்தில் நம் இல்லங்களில் ஒரே கேள்விதான் எழுகிறது. பிள்ளையை அடுத்து எதில் சேர்ப்பது? தந்தை ஒரு யோசனை சொல்வார். தாய்மாமன் வேறொன்று சொல்வார். பிள்ளையின் மனத்தில் இருப்பதோ இவ்விரண்டும் அல்லாத மூன்றாவதாக இருக்கும். "நாலு நாட்டைப் பார்க்க வேண்டும், சம்பாதிக்கவும் வேண்டும்" என்று அவன் வாய்விட்டுச் சொன்னால், ஊர் சுற்றும் ஆசை என்று பெரியவர்கள் அதட்டி அடக்கிவிடுகிறார்கள்.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரை எடுத்துக்கொள்வோம். ஏரிப் பாசனமும் நெல் வயல்களும் சூழ்ந்த உள்நாட்டு ஊர் அது. சுற்றுப்புறக் கிராமத்து இளைஞர்களுக்குத் தெரிந்த பிழைப்பு வழிகள் சிலவே. விவசாயம் ஒன்று, கடைத்தெரு வியாபாரம் ஒன்று, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு நிறுவனப் பேருந்தில் போய்வருவது ஒன்று, அவற்றை விட்டால் வளைகுடா விசா. வளைகுடாவுக்குச் செல்பவரும் உலகத்தைப் பார்ப்பதில்லை. ஓர் அறையையும் ஒரு பணியிடத்தையும் பார்த்துவிட்டு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊர் திரும்புகிறார்.

பயணத்தையே தொழிலாகக் கொண்ட வேலைகள் இருக்கின்றன. அவற்றுள் கிராமத்துப் பிள்ளைக்கும் எட்டக்கூடியதாய், பத்தாம் வகுப்புப் படித்தவருக்கும் வாசல் வைத்திருப்பதாய் இருப்பது வணிகக் கப்பல் பணி. ஆனால், இத்தனை ஆசையையும் இத்தனை ஏமாற்றையும் ஒருங்கே ஈர்த்த தொழில் வேறொன்று இருப்பது அரிது. ஆகவே, அதன் நேர்வழி எது, குறுக்கு வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து அறிந்துகொள்ள வேண்டும்.

நமக்குப் புதிதன்று

உலகைச் சுற்றிக்கொண்டே ஊதியம் பெற்றவர்களுக்கு முன்னோடியாக இப்னு பதூதாவைச் சொல்லலாம். மொராக்கோவின் தாஞ்சியர் நகரிலிருந்து 1325இல், 21 வயதில், ஹஜ்ஜுக்காகப் புறப்பட்டார் அவர். திரும்பி வந்து தம் பயணங்களை எழுதுவித்து முடிக்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. அத்தனை ஆண்டுகளும் அவருக்குச் சோறு போட்டது எது? அவர் கற்றிருந்த மார்க்கச் சட்டம். டில்லியில் முகம்மது பின் துக்ளக் அவரைக் காஜியாக நியமித்தார். மாலத்தீவிலும் அவர் காஜியாகப் பணியாற்றினார். அங்கிருந்து மஅபர் என்று அரபிகள் அழைத்த நம் தமிழகக் கரைக்கும் வந்து, மதுரைச் சுல்தானைச் சந்தித்தார். அவர் காசை நம்பிப் பயணம் புறப்பட்டவர் அல்லர். கையில் ஒரு கல்வி இருந்தது, அது போன இடமெல்லாம் அவரைப் பணியில் அமர்த்தியது.

நம் கரையோர ஊர்களின் கதையும் அதுவே. மரக்காயர் என்ற பெயரையே மரக்கலத்தோடு தொடர்புபடுத்திச் சொல்வார்கள். கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர் முதலிய ஊர்களிலிருந்து இலங்கைக்கும் மலாய் நாட்டுக்கும் போய்வந்த வணிகர்களைச் சபுராளிகள் என்று ஊர் மரியாதையோடு அழைத்தது. 1906இல் வ.உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, இரண்டு இலட்ச ரூபாய்க்கு 8,000 பங்குகளை வாங்கி அதற்கு முதுகெலும்பாய் நின்றவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். பிற்காலத்தில் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய 'ரஜுலா' கப்பலை அறியாத தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் அந்நாளில் குறைவு.

அக்காலக் கப்பல்களில் இந்திய மாலுமிகளை லஸ்கர்கள் என்றனர். அவர்களின் தலைவர் செராங். சுக்கான் பிடிப்பவர் சுக்கானி. சமையல் செய்பவர் பண்டாரி. நம் வீட்டுக் கல்யாணப் பந்தியில் பிரியாணிக்குப் பொறுப்பேற்கும் பண்டாரியின் பெயர் கப்பல் அடுப்படியிலும் ஒலித்திருக்கிறது என்பது பலர் அறியாத செய்தி.

இன்றும் உலக வாணிபத்தில், அளவைக் கொண்டு பார்த்தால், 80 விழுக்காட்டுக்கும் மேல் கடல் வழியாகவே நடைபெறுகிறது. கப்பல் முதலாளிகளின் சர்வதேச அமைப்புகள் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, 74,000க்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களில் சுமார் 18 இலட்சத்து 90 ஆயிரம் பேர் பணிபுரிகிறார்கள். அவர்களை மிகுதியாக அனுப்பும் முதல் ஐந்து நாடுகளுள் இந்தியாவும் ஒன்று.

கப்பலில் யார் யார்?

ஒரு சரக்குக் கப்பலில் இருபது முதல் இருபத்தைந்து பேர் வரை இருப்பார்கள். பணி மூன்று பிரிவாக நடக்கிறது. மேல்தளப் பிரிவினர் கப்பலைச் செலுத்துவதும் சரக்கை ஏற்றி இறக்குவதைக் கண்காணிப்பதும் உடையவர். இயந்திரப் பிரிவினர் எஞ்சின், ஜெனரேட்டர், பம்புகள் அனைத்தையும் ஓடச் செய்பவர். மூன்றாவது உணவுப் பிரிவு.

மேல்தள, இயந்திரப் பிரிவுகளில் அதிகாரிகள் உண்டு. ரேட்டிங் எனப்படும் பணியாளர்களும் உண்டு. மேல்தளத்தில் பயிற்சி மாணவராகிய கேடட்டாக ஏறுபவர், தேர்வெழுதி மூன்றாம் அதிகாரி, இரண்டாம் அதிகாரி, தலைமை அதிகாரி என உயர்ந்து கேப்டன் ஆகலாம். இயந்திரப் பிரிவில் அதே ஏணியின் உச்சி தலைமை இன்ஜினியர். ஒவ்வொரு படிக்கும் இத்தனை மாதக் கடற்பணி, இன்ன தேர்வு என்று வரையறை இருக்கிறது. ரேட்டிங்காகச் சேர்ந்தவரும் உரிய காலத்தை முடித்துத் தேர்வெழுதி அதிகாரியாக உயர வழி உண்டு. பரிந்துரைக் கடிதத்தால் ஒரு படியைத் தாண்ட இத்தொழிலில் இயலாது.

நுழைவாயில்கள்

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் பயின்று, அம்மூன்றிலும் சராசரியாக 60 விழுக்காடும், ஆங்கிலத்தில் 50 விழுக்காடும் பெற்றவர் அதிகாரிப் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம். நான்காண்டு மரைன் இன்ஜினியரிங், மூன்றாண்டு நாட்டிக்கல் சயன்ஸ், ஓராண்டு நாட்டிக்கல் டிப்ளோமா ஆகியவை முக்கியமானவை. ஓராண்டு டிப்ளோமா முடித்தவர் 18 மாதம் கப்பலில் பயிற்சி பெற வேண்டும். இப்படிப்புகளுக்கு இந்திய கடல்சார் பல்கலைக்கழகம் அகில இந்திய அளவில் பொது நுழைவுத் தேர்வு நடத்துகிறது. 2008இல் மத்திய அரசின் சட்டத்தால் நிறுவப்பட்ட அப்பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் வேறெங்கோ இல்லை, சென்னையில்தான் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டியில் அதன் வளாகம் உள்ளது. உத்திரமேரூரிலிருந்து செங்கற்பட்டு வழியாகப் புறப்பட்டால் காலையில் போய் விவரம் கேட்டுக்கொண்டு மாலையில் வீடு திரும்பிவிடலாம்.

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பட்டம் பெற்று வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் நிறைய. அவர்களுக்கென ஓராண்டுப் பட்டதாரி மரைன் இன்ஜினியரிங் பயிற்சி இருக்கிறது.

பத்தாம் வகுப்போடு நிற்பவருக்கு ஜி.பி. ரேட்டிங் எனப்படும் ஆறு மாத உறைவிடப் பயிற்சி உண்டு. கணிதம், அறிவியல், ஆங்கிலம் பயின்றிருக்க வேண்டும். மொத்தத்தில் 40 விழுக்காடும் ஆங்கிலத்தில் 40 விழுக்காடும் தேவை. வயது பதினேழரைக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் இருக்க வேண்டும். சமையலில் நாட்டமுள்ளவருக்குக் கடல்சார் உணவுப் பணிக்கான சான்றிதழ்ப் பயிற்சி தனியாக உண்டு. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்வது அவசியம். பயிற்சி நிறுவனம் அங்கீகாரம் பெற்றதா என்பதும் அங்கேயே தெரியும்.

இங்கே பெற்றோர் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். எந்தக் கட்டணத்தையும் செலுத்துவதற்கு முன்னால், இயக்குநரகத்தின் அங்கீகாரம் பெற்ற மருத்துவரிடம் பிள்ளையின் கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். நிறக்குருடு உள்ளவருக்கு மேல்தளப் பணியில் இடமில்லை. இரவில் எதிர்வரும் கப்பலின் சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் பிரித்தறிவதுதான் அங்கே உயிர்காப்பு. கண்ணாடி இல்லாமலே பார்வை தெளிவாக இருக்க வேண்டும் என்பதும் அப்பிரிவின் விதி. இலட்சக்கணக்கில் கட்டணம் கட்டிய பிறகு கண்ணில் குறை இருப்பதை அறிந்து வருந்திய குடும்பங்கள் உண்டு.

இன்னொன்று: பயிற்சி முடித்த எல்லாருக்கும் உடனே கப்பல் கிடைத்துவிடுவதில்லை. பயிற்சி மாணவர்களின் தொகை மிகுதி. கப்பலில் அவர்களுக்கான இடங்கள் குறைவு. ஆகவே, "கட்டிடம் பெரிதா? விளம்பரம் பெரிதா?" என்று பார்க்காமல், "சென்ற ஆண்டில் பயின்றவர்களை எந்த நிறுவனங்கள் கப்பலில் ஏற்றின?" என்று கேளுங்கள். ஒரு கப்பல் நிறுவனமே தேர்ந்தெடுத்து, பயிற்சிக்குப் பின் எடுத்துக்கொள்வதாக முன்கூட்டிக் கடிதம் கொடுக்கும் முறையும் இருக்கிறது. அதுவே பாதுகாப்பானது.

தகுதியும் கணக்கும்

உத்திரமேரூரின் பெயரை வரலாற்று நூல்களில் ஏற்றியது அங்குள்ள கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில், ஊர்ச் சபைக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பொறிக்கப்பட்டன. வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும், பிந்திய கல்வெட்டின்படி வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், கல்வி வேண்டும். முன்னர்ப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும், அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. தகுதியும் கணக்கும் இல்லாதவரிடம் பொறுப்பை ஒப்படைக்கக் கூடாது என்று அவ்வூர் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே முடிவு செய்தது.

அதே வட்டாரத்துக் குடும்பங்கள் உட்பட, தமிழகமெங்கும் எத்தனையோ குடும்பங்கள் இன்று தகுதியும் கணக்கும் கேட்காமல் ஏஜெண்ட் ஒருவரின் கையில் நிலத்தை விற்ற பணத்தைக் கொடுத்துவிடுகின்றன. அவர் சொல்லும் கதை பெரும்பாலும் ஒன்றே. "பயிற்சி எதுவும் வேண்டாம். ஒரு மாதத்தில் வெளிநாட்டு மாலுமிப் புத்தகம் வாங்கித் தருகிறேன். சில இலட்சம் கொடுத்தால் போதும், நேரே கப்பலில் ஏறிவிடலாம்." பணம் கைமாறுகிறது. பையன் சுற்றுலா விசாவில் ஏதோ ஒரு துறைமுக நகருக்கு அனுப்பப்படுகிறான். அங்கே அவனுக்குக் கிடைப்பது துருப்பிடித்த சிறு கப்பல்; சம்பளம் இல்லை; பாஸ்போர்ட் கேப்டனின் பெட்டியில். அவன் வைத்திருக்கும் சான்றிதழ் போலி என்பது சோதனையில் தெரிந்தால், ஏமாந்தவனே குற்றவாளியாகிறான்.

இது கற்பனை அச்சமன்று. முதலாளிகளால் சம்பளமும் உணவும் இன்றிக் கப்பலோடு கைவிடப்படும் மாலுமிகளைச் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு ஆண்டுதோறும் கணக்கிடுகிறது. 2024இல் 300க்கும் மேற்பட்ட கப்பல்களில் 3,000க்கும் மேற்பட்டோர் அவ்வாறு கைவிடப்பட்டனர். நாடுவாரியாகப் பார்த்தால் அவர்களுள் மிகுதியானோர் இந்தியர்கள்.

தற்காப்புக்கு வழி எளிது. இந்தியாவில் மாலுமிகளை வேலைக்கு அமர்த்தும் நிறுவனம், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்திடம் ஆர்.பி.எஸ்.எல். என்னும் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அந்த உரிம எண்ணைக் கேளுங்கள். அது இன்றும் செல்லுபடியாகிறதா என்று இணையதளத்தில் பாருங்கள். வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் கட்டணம் பெறுவதைச் சட்டமே தடுக்கிறது. மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், மாலுமிப் புத்தகம் ஆகியவற்றின் செலவு மட்டுமே அவருடையது. ஆகவே, 'கப்பல் வேலைக்கு இத்தனை இலட்சம்' என்று ஒருவர் கேட்கும் அந்த நிமிடமே அவர் யார் என்பது விளங்கிவிடுகிறது. அவர் நம் சமுதாயத்தவர், தாடி வைத்தவர், பள்ளிவாசலில் முதல் வரிசையில் நிற்பவர் என்பதெல்லாம் உரிமத்துக்கு மாற்றாகா. கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதிவைத்துக்கொள்ளப் பணிக்கும் மார்க்கம், ஒரு பிள்ளையின் வாழ்வை வாய்ச்சொல்லில் ஒப்படைக்கச் சொல்லுமா?

நேர்வழியில் செல்பவருக்குத் தேவைப்படும் ஆவணங்களையும் அறிந்துகொள்ளுங்கள். பாஸ்போர்ட், மருத்துவத் தகுதிச் சான்று, இந்திய மாலுமிக்குரிய இண்டோஸ் எண், கடலில் உயிர்பிழைத்தல், தீயணைப்பு, முதலுதவி, பணியிடப் பாதுகாப்பு ஆகிய அடிப்படைப் பயிற்சிகளின் சான்றுகள், சி.டி.சி. எனப்படும் மாலுமிப் புத்தகம். மேலும், கையொப்பமிட்ட பணி ஒப்பந்தத்தின் ஒரு நகல் வீட்டில் இருக்க வேண்டும். கப்பலின் பெயரும் எண்ணும் அதில் தெளிவாக இருக்க வேண்டும்.

ஊதியமும் உரிமையும்

2006இல் உருவாகி 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றது. மாலுமிகளின் உரிமைச் சாசனம் என்று அதனைச் சொல்லலாம். அதன்படி ஊதியம் மாதந்தோறும் வழங்கப்பட வேண்டும். ஒரு பகுதியை நேரே குடும்பத்துக்கு அனுப்ப வகை செய்ய வேண்டும். எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரமும், எந்த ஏழு நாளிலும் குறைந்தது 77 மணி நேரமும் ஓய்வு தர வேண்டும். ஒப்பந்தம் முடிந்ததும் நிறுவனத்தின் செலவிலேயே ஊருக்கு அனுப்ப வேண்டும். கப்பலில் உணவுக்குக் காசு பிடிக்கக் கூடாது.

தேர்ச்சி பெற்ற மாலுமி ஒருவருக்கான குறைந்தபட்ச மாத அடிப்படை ஊதியமாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் குழு 2025 ஜனவரி முதல் 673 அமெரிக்க டாலரை நிர்ணயித்தது. கூடுதல் நேரப் பணிக்கும் விடுப்புக்கும் உரிய தொகை இதற்கு மேல் சேரும். அதிகாரிகளின் ஊதியம் இதனினும் பன்மடங்கு. ஆனால், பெரும்பாலோருக்குக் கப்பலில் இருக்கும் மாதங்களுக்கு மட்டுமே ஊதியம் உண்டு. ஊரில் இருக்கும் மாதங்களுக்குச் சேமிப்பே துணை. கப்பலிலிருந்து இறங்கியவுடன் கடன் வாங்கிக் கார் வாங்கும் இளைஞர் இதை மறந்துவிடுகிறார்.

தொழுகையும் உணவும்

நம் வாசகர்கள் கேட்க விரும்பும் அடுத்த கேள்வி இதுவாகவே இருக்கும்: கப்பலில் மார்க்கத்தைப் பேண முடியுமா?

கப்பலில் காவல் முறை நான்கு மணி நேரப் பணி, எட்டு மணி நேர இடைவெளி என்று சுழல்கிறது. நான்கு மணி முதல் எட்டு மணி வரையிலான காவல் கிடைத்தவருக்குப் பெரும்பாலும் பஜ்ரும் மஃரிபும் பணி நேரத்திலேயே வரும். சக பணியாளரிடம் நட்பும் பணிவும் உள்ளவர் சில நிமிடங்களைப் பெற்றுக்கொள்வது கடினமன்று. கிப்லாவைப் பற்றிய கவலையும் வேண்டாம். திசையையும் இடத்தையும் நொடிக்கு நொடி காட்டும் கருவிகள் கப்பலில் இருக்கின்றன. பயணிக்கு நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கும் சலுகை உண்டு, ஜும்ஆ கடமையில்லை, ரமளான் நோன்பைப் பின்னர் நோற்கவும் அனுமதி உண்டு. இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழுவதில் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு இருக்கிறது. வாழ்நாளெல்லாம் கடலிலேயே கழிப்பவர் குறித்தும் சட்ட அறிஞர்கள் தனியே பேசியுள்ளார்கள். ஆகவே, புறப்படும் முன் உங்கள் ஊர் ஆலிமிடம் அமர்ந்து தெளிவு பெறுங்கள்.

உணவைப் பொறுத்தவரை, மாலுமிகளின் சமயத்தையும் பழக்கவழக்கத்தையும் கருத்திற்கொண்டே உணவு அமைய வேண்டும் என்று மேற்கூறிய உடன்படிக்கை வகுத்திருக்கிறது. இந்தியப் பணியாளர் மிகுந்த கப்பல்களில் இது எளிது. மற்றக் கப்பல்களில் மீனும் முட்டையும் காய்கறியுமாகக் காலம் கழிக்க நேரலாம். சமையல் பிரிவில் சேர விரும்பும் நம் பிள்ளைகள் மட்டும் ஒன்றை முன்னரே எண்ணிப் பார்க்க வேண்டும். பல நாட்டவர் உள்ள கப்பலில் பன்றி இறைச்சியைச் சமைக்கும் நிலை வரலாம். அப்போது தடுமாறுவதைவிட, சேரும் பிரிவையும் நிறுவனத்தையும் தொடக்கத்திலேயே ஆராய்ந்து தேர்வது நன்று.

அலைகளுக்கு அப்பால்

உலகத்தைப் பார்க்கலாம் என்பது உண்மைதான். சூயஸ் கால்வாயையும் பனாமா கால்வாயையும் கடக்கலாம். சிங்கப்பூர், ராட்டர்டாம், சாண்டோஸ் துறைமுகங்களில் நிற்கலாம். ஆயினும், கப்பல்காரர் சுற்றுலாப் பயணி அல்லர். கண்டெய்னர் கப்பல் பல துறைமுகங்களில் ஒரு நாளுக்குள் வேலையை முடித்துப் புறப்பட்டுவிடுகிறது. கரையில் இறங்கி ஒரு தேநீர் அருந்தக்கூட நேரமிராது. பல நாள் கண்ணுக்குத் தெரிவது நீரும் வானமும்தான்.

ஆபத்தும் இருக்கிறது. 2020இல் கொரோனாத் தொற்றின்போது உலகெங்கும் சுமார் நான்கு இலட்சம் மாலுமிகள் ஒப்பந்தம் முடிந்தும் கரையேற முடியாமல் தவித்தார்கள். சீனக் கடலோரத்தில் சரக்கிறக்க அனுமதியின்றி நின்ற 'ஜக் ஆனந்த்', 'அனஸ்தாசியா' என்னும் இரு கப்பல்களில் 39 இந்தியர்கள் மாதக்கணக்கில் சிக்கிக்கொண்டு, 2021இன் தொடக்கத்தில்தான் மீண்டார்கள். 2024 மார்ச் 6 அன்று ஏடன் வளைகுடாவில் 'ட்ரூ கான்ஃபிடன்ஸ்' கப்பல் ஏவுகணையால் தாக்கப்பட்டு மூன்று மாலுமிகள் உயிரிழந்தார்கள். எஞ்சிய 21 பேரை மீட்டது நம் நாட்டுப் போர்க்கப்பல் 'ஐ.என்.எஸ். கொல்கத்தா'. அதே மாதம் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில் 'டாலி' கப்பல் மின்சாரம் இழந்து பாலத்தில் மோதியது. பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் மாண்டார்கள். கப்பலிலிருந்து உடனே அபாயச் செய்தி போனதால் பாலத்தின் மேல் வாகனங்கள் நிறுத்தப்பட்டன. இல்லையேல் இழப்பு பெருகியிருக்கும். அக்கப்பலில் இருந்தவர்கள் இருபது இந்தியர்களும் ஓர் இலங்கையரும். அவர்கள் பல வாரங்கள் கப்பலை விட்டு இறங்க முடியவில்லை.

இவற்றைச் சொல்வது அச்சுறுத்துவதற்கன்று. மகனையோ மருமகனையோ கப்பலுக்கு அனுப்பும் வீடு, வரும் டாலரை மட்டும் எண்ணாமல், இல்லாத மாதங்களையும் எண்ண வேண்டும் என்பதற்காகவே. தந்தையின் ஜனாஸாவுக்கு வர முடியாமல் போகலாம். குழந்தை பிறக்கும்போது அவன் வேறொரு கடலில் இருக்கலாம். ஆறேழு மாதம் கணவர் இல்லாத வீட்டை நடத்தும் பெண்ணுக்கு மாமியார் வீடும் தாய் வீடும் துணை நிற்கின்றனவா, வீட்டுச் செலவு அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு நேராக வருகிறதா என்பதைத் திருமணப் பேச்சின்போதே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது. நம் கடற்கரை ஊர்களின் சபுராளிக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்துவைத்த பாடம் இது. உள்நாட்டு ஊர்களுக்கு இது புதிது. ஒரு ஆறுதல் உண்டு. மாலுமிகள் வீட்டாரோடு தொடர்பு கொள்ள வசதி செய்து தர வேண்டும் என்னும் திருத்தம் 2024 டிசம்பரில் உடன்படிக்கையில் நடைமுறைக்கு வந்தது. கடிதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்த காலம் போய்விட்டது.

பெண்களுக்கும் மற்றவர்க்கும்

கப்பல் பணி பெண்களுக்கு மூடப்பட்டதன்று. இந்திய வணிகக் கப்பல்களில் கேப்டனான முதல் பெண்மணி ராதிகா மேனன். 2015 ஜூனில் வங்கக் கடலில் கொந்தளிப்பில் சிக்கிய மீன்பிடிப் படகிலிருந்து ஏழு மீனவர்களைக் காப்பாற்றியதற்காக, சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2016இல் அவருக்கு வீர விருது வழங்கியது. நம் குடும்பங்கள் தத்தம் சூழலையும் மார்க்க வரம்பையும் கருதி முடிவெடுக்கும். ஆயினும், கதவு இருப்பதைப் பெண் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

கடல் ஒத்துக்கொள்ளாதவருக்கும் பயணத் தொழில்கள் உண்டு. பட்டம் பெற்றவர் மத்தியத் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வெழுதி, இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்து நாடு நாடாகப் பணியாற்றலாம். அரபிக் கல்லூரியில் ஓதியவர், அதனோடு ஆங்கிலத்தையும் நன்கு கற்றுக்கொண்டால், மொழிபெயர்ப்புப் பணியிலும் ஹஜ், உம்ரா வழிகாட்டிப் பணியிலும் பிரகாசிக்கலாம். செவிலியர் படித்தவரும் தொழில்நுட்பப் பயிற்சி பெற்றவரும், தமிழக அரசு 1978இல் சென்னையில் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிவு செய்துகொண்டால், அரசின் பொறுப்பில் வெளிநாடு செல்லலாம். இவை அனைத்திலும் விதி ஒன்றே: முதலில் தகுதி, பிறகு பயணம்.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியவை

ஒவ்வோர் ஊர் ஜமாஅத்தும் ஆண்டுக்கு ஒருமுறை, தேர்வு முடிவுகள் வரும் முன்பே, ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்கலாம். கப்பலில் பணிபுரிந்து விடுமுறையில் வந்திருக்கும் சகோதரர் ஒருவரை அழைத்துப் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லச் செய்யலாம். ஒன்பதாம் வகுப்பிலேயே கணிதத்திலும் ஆங்கிலத்திலும் பின்தங்கியவர்களுக்கு மாலை வகுப்பு நடத்தலாம். 40 விழுக்காடு ஆங்கில மதிப்பெண் இல்லாததால் ஒரு பிள்ளையின் வாசல் அடைபடுவது வருந்தத்தக்கது, அது தடுக்கக்கூடியதும்கூட. யாராவது ஒரு ஏஜெண்ட் ஊருக்குள் வந்தால், அவருடைய உரிம எண்ணை இணையத்தில் சரிபார்த்துச் சொல்லும் பொறுப்பைப் படித்த இளைஞர் இருவர் ஏற்றுக்கொள்ளலாம். ஒரு வீட்டின் நிலம் விற்பனையாகாமல் காப்பதும் ஸதகாவைப் போன்றதே.

பெற்றோரே, உங்கள் பிள்ளை உலகத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் அதட்டாதீர்கள். அவனை அமரவைத்து, அவனுடைய மதிப்பெண் பட்டியலையும் இக்கட்டுரையில் கூறிய தகுதிகளையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். உத்தண்டிக்கு ஒரு நாள் நேரில் போய் வாருங்கள். பொருந்தினால் மனமாரத் துஆச் செய்து அனுப்புங்கள். பொருந்தாவிட்டால் அவன் படிப்புக்குப் பொருந்தும் வேறொரு வழியை அவனோடு சேர்ந்து தேடுங்கள். ஏஜெண்டுக்குக் கொடுப்பதற்காக நிலத்தை மட்டும் விற்றுவிடாதீர்கள்.